சால்வென்ட் கலந்த நிலத்தடி நீரை பேக்டீரியா சுத்தம் பண்ணுமா? எந்தப் படியில நிக்குதுங்கிறதுதான் கேள்வி

ஃபேக்டரி சால்வென்ட் கலந்த நிலத்தடி நீரை பேக்டீரியா தின்னு சுத்தம் பண்ணிடுச்சுன்னு அப்பப்ப செய்தி வருது. படிச்சுட்டு சிலர் பிரச்சனை தீந்துச்சுன்னு நினைக்கிறாங்க, சிலர் கிருமிய கொண்டுபோய் தண்ணிக்குள்ள விடறாங்களேன்னு பயப்படறாங்க. இந்த முறை நிஜமாவே வேலை செய்யும், அதுக்கு நல்ல ஆதாரம் இருக்கு. ஆனா பாதி வழியில நின்னுட்டா முன்னாடி இருந்ததை விட மோசமான விஷம் தண்ணியில இருக்கும், லேப் ரிப்போர்ட்ல மட்டும் "அளவு குறைஞ்சிருக்கு"ன்னு வரும். இத புரிஞ்சுக்க கொஞ்சம் அடிப்படையில இருந்து வரணும்.

எந்த சால்வென்ட் பத்தி பேசறோம்

இங்க பேசப்போறது குளோரின் சேர்ந்த சால்வென்ட்கள். முக்கியமா ரெண்டு. ஒண்ணு ட்ரைகுளோரோ எத்திலீன், மெஷின் பாகம், விமான பாகம் இதுல ஒட்டியிருக்கிற கிரீஸ எடுக்க பல பத்து வருஷமா உலகம் முழுக்க பயன்படுத்தினது. இன்னொண்ணு பெர்குளோரோ எத்திலீன், ட்ரை கிளீனிங் தொழில்ல இதுக்கு பேரு பெர்க். எண்ணெய்ப் பிசுக்க சட்டுனு கரைக்கும், தீப்பிடிக்கிற பயம் குறைவு, சீக்கிரம் காய்ஞ்சுடும், அதனாலதான் அவ்வளவு பேரும் இத விரும்பினாங்க.

பேர் விஷயத்துல ஒரு சிக்கல் இருக்கு. இங்கிலீஷ்ல சுருக்கமா சொல்ற மூணெழுத்துப் பேரை தமிழ்ல எழுதினா ட்ரைகுளோரோவும் டிசிஇ, டைகுளோரோவும் டிசிஇ, எது எதுன்னே தெரியாது. அதனால குளோரின் எண்ணிக்கைய வச்சு இப்படி வச்சுக்குவோம்:

1. பெர்க்: 4 குளோரின்
2. ட்ரை: 3 குளோரின்
3. டை: 2 குளோரின்
4. வினைல் குளோரைடு: 1 குளோரின்
5. எத்திலீன்: குளோரினே இல்ல

கடைசியில இருக்கிற எத்திலீன் நமக்கு தெரிஞ்சதுதான், கார்பைடு கல்லுக்கு பதிலா மாம்பழம் வாழைப்பழம் பழுக்க வைக்க அனுமதிச்சிருக்கிற அதே வாயு. தண்ணியில இத்தனூண்டு இருந்தா ஒண்ணும் பண்ணாது. அதுக்கு ஒரு படி முன்னாடி இருக்கிற வினைல் குளோரைடு மனுஷனுக்கு புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான பட்டியல்ல இருக்கு. ட்ரையும் அதே பட்டியல்லதான். இந்த அஞ்சு படிய மனசுல வச்சுக்கிட்டா மீதி எல்லாம் சுலபமா புரியும்.

ஒரு லிட்டர் கொட்டினா எவ்வளவு தண்ணி கெடும்

அமெரிக்காவுல குடிநீர்ல ட்ரை 5 பிபிபி-க்கு மேல இருக்கக்கூடாது, பெர்க்குக்கும் அதே 5. ஒரு பிபிபின்னா ஒரு லிட்டர் தண்ணியில ஒரு மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமுல பத்து லட்சத்துல ஒரு பங்கு. ட்ரை ஒரு லிட்டர் எடை கிட்டத்தட்ட 1.46 கிலோ. கணக்கு போட்டா, ஒரே ஒரு லிட்டர் ட்ரை சுமார் 29 கோடி லிட்டர் தண்ணிய அந்த லிமிட் வரைக்கும் கொண்டுபோயிடும். அந்தக் காலத்துல பட்டறைங்கள்ல பாகத்த கழுவிட்டு மிச்சத்த பின்பக்க மண்ணுல ஊத்தறது சாதாரண பழக்கம், ஆவியா போயிடும்னு நம்பினாங்க.

போகல. அந்த எடையிலதான் விஷயமே இருக்கு. பெட்ரோல் தண்ணிய விட லேசு, நிலத்தடியில தண்ணி மட்டத்துக்கு மேல மிதக்கும், அள்ளி எடுக்க வழி உண்டு. இது தண்ணிய விட கனம், மண்ணுக்குள்ள இறங்கி தண்ணி மட்டத்தையும் தாண்டி கீழ போயி, களிமண் இல்லாட்டி பாறை தடுக்கிற வரைக்கும் இறங்கும். அங்க குட்டையா, சின்னச் சின்ன சொட்டா தங்கிடும். தண்ணியில ரொம்ப மெதுவாத்தான் கரையும், அதனால கொட்டின ஆள் போய்ச் சேர்ந்த பிறகும் கரைஞ்சுட்டே இருக்கும்.

அமெரிக்காவோட நார்த் கரோலினாவுல இருக்கிற கேம்ப் லெஜூன் ராணுவத் தளம் இதுக்கு உதாரணம். 1953-ல இருந்து 1987 வரைக்கும் அங்க சில குடிநீர் லைன்ல ட்ரை, பெர்க், பென்சீன் எல்லாம் கலந்திருந்துச்சு. ஒரு பகுதிக்கு தளத்துக்கு வெளிய இருந்த ட்ரை கிளீனிங் கடையில இருந்து பெர்க் வந்துச்சு, இன்னொரு பகுதிக்கு தளத்துக்குள்ளயே கசிவு. 1982-ல ஆஸ்பத்திரி குழாய்த் தண்ணியில ட்ரை 1,400 பிபிபி இருந்துச்சு, இப்ப இருக்கிற லிமிட்டுக்கு 280 மடங்கு. பாதிக்கப்பட்டவங்க கேஸ் போட வழி விடற தனிச் சட்டம் 2022-லதான் வந்துச்சு. ட்ரைக்கு தடைன்னு அமெரிக்க சுற்றுச்சூழல் அமைப்பு அறிவிச்சது 2024 டிசம்பர்ல. தடை வந்தாலும் ஏற்கனவே மண்ணுக்குள்ள போனது அங்கயேதான் இருக்கும்.

பம்ப் பண்ணி எடுத்தா போதாதா

முதல்ல அப்படித்தான் பண்ணாங்க. தண்ணிய மேல இறைச்சு, காத்து விட்டு இல்லாட்டி கரி வழியா வடிகட்டி, திரும்ப விடறது. கெட்ட தண்ணி பரவாம தடுக்க இது உதவும், அத குறை சொல்ல முடியாது. ஆனா மூலத்த காலி பண்றதுல ரொம்ப மோசம். 1994-ல அமெரிக்க நேஷனல் ரிசர்ச் கவுன்சில் இந்த மாதிரி 77 இடங்கள அலசிப் பாத்துச்சு, 69 இடத்துல இலக்கை எட்டவே இல்ல. காரணம் களிமண். சால்வென்ட் பல வருஷமா களிமண்ணுக்குள்ள ஊறிப் போயிருக்கும், வெளியில இருக்கிற மணல் அடுக்க இறைச்சு சுத்தமாக்கினா களிமண்ணுல இருந்து கொஞ்சம் கொஞ்சமா திரும்பக் கசியும். பம்ப்ப நிறுத்தினதும் அளவு மறுபடி ஏறிடும். அதனாலதான் மண்ணுக்குள்ள, விஷம் இருக்கிற இடத்துலயே அத உடைக்கிற வழி தேவைப்பட்டுச்சு.

பேக்டீரியா இத தின்னுதா?

இல்ல, சுவாசிக்குது. நாம சோத்துல இருந்து எலக்ட்ரான எடுத்து கடைசியில ஆக்சிஜன்கிட்ட குடுக்கிறோம், நடுவுல கிடைக்கிற சக்தியிலதான் வாழறோம். ஆக்சிஜனே இல்லாத இடத்துல வாழற சில பேக்டீரியா ஹைட்ரஜன்ல இருந்து எலக்ட்ரான எடுத்து ட்ரைகிட்ட குடுக்குது. குடுக்கும்போது ட்ரையில இருந்து ஒரு குளோரின் கழண்டு குளோரைடா போயிடும், அந்த இடத்துல ஒரு ஹைட்ரஜன் உக்காந்துக்கும். ட்ரை இப்ப டை ஆயிடுச்சு. இன்னொரு தடவை நடந்தா வினைல் குளோரைடு. இன்னொரு தடவை நடந்தா எத்திலீன், வேலை முடிஞ்சுது. வெளிய வர்ற குளோரைடு நம்ம சாப்பாட்டு உப்புல இருக்கிற அதேதான், 1,000 பிபிபி ட்ரை முழுசா உடைஞ்சா லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் கூட வராது.

குளோரின் ஒவ்வொண்ணா கழலும்னு 1980-கள்லயே தெரிஞ்சுடுச்சு. யார் பண்றான்னுதான் தெரியல. 1997-ல கார்னெல் பல்கலைக்கழக ஆளுங்க அவங்க ஊரான இத்தாகாவோட சாக்கடைச் சுத்திகரிப்பு நிலைய சகதியில இருந்து வளத்த கலவையில ஒரு பேக்டீரியாவ தனியா பிரிச்சாங்க, பெர்க்குல இருந்து எத்திலீன் வரைக்கும் ஒரே உயிர் கொண்டுபோகுதுன்னு அப்பதான் உறுதியாச்சு. அதோட குடும்பப் பேர் டீஹாலோகாக்காய்டிஸ். இப்ப அந்த இனத்துக்கு மெக்கார்ட்டின்னு பேர் வச்சிருக்காங்க, இந்தத் துறைய வளத்த ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் பெர்ரி மெக்கார்ட்டிய கௌரவிக்க.

இந்த பேக்டீரியாவ கிட்ட போய் பாத்தா ஆச்சரியமா இருக்கும். அரை மைக்ரான் அகலத்துல சின்ன வட்டத்தட்டு மாதிரி. மொத்த மரபணுத் தொகுப்பு சுமார் 14.7 லட்சம் எழுத்து, குடல்ல இருக்கிற ஈ கோலைக்கு 46 லட்சம். இவ்வளவு சின்ன உடம்புல குளோரின் கழட்டுற என்சைமுக்கான மரபணு மட்டும் பத்துக்கு மேல. வேற எந்த வேலையும் தெரியாது. சர்க்கரைய உடைக்கத் தெரியாது, ஆக்சிஜன் பட்டா அவ்வளவுதான். அந்த என்சைமுக்கு வைட்டமின் பி12 வகைப் பொருள் வேணும், அதைக் கூட சொந்தமா தயாரிக்க வராது, அக்கம்பக்கத்து பேக்டீரியா குடுத்தாத்தான் உண்டு. இது தனி ஆளா வேலை செய்யாது, கூட்டமா இருந்தாத்தான் வேலை நடக்கும்.

பாதியில நின்னா என்ன ஆகும்

பெர்க், ட்ரை ரெண்டையும் டை வரைக்கும் கொண்டுபோக பல வகை பேக்டீரியாவால முடியும். டையில இருந்து வினைல் குளோரைடு தாண்டி எத்திலீன் வரைக்கும் போக நம்பகமா தெரிஞ்சது டீஹாலோகாக்காய்டிஸ் கூட்டம்தான். அதுலயும் எல்லா வகையும் போகாது. கார்னெல்ல முதல்ல பிடிச்ச வகைக்கே வினைல் குளோரைட வச்சு வளரத் தெரியாது, கடைசிப் படிய ரொம்ப மெதுவாத்தான் முடிக்கும். அந்தப் படிய வேகமா முடிக்கத் தேவையான மரபணு வேற வகைகள்ல இருக்கு, விசிஆர்ஏ, பிவிசிஏன்னு ரெண்டு பேரு தெரிஞ்சுக்கிட்டா போதும்.

ஆரம்பத்துல 1,000 பிபிபி ட்ரை இருந்த தண்ணின்னு வச்சுக்கங்க. குளோரின் கழல கழல மூலக்கூறு எடை குறையும், அதனால மூலக்கூறு ஒண்ணு கூட காணாம போகலைன்னாலும் பிபிபி கணக்கு தானா இறங்கும்:

1. ஆரம்பம்: ட்ரை 1,000 பிபிபி. லிமிட் 5. அதாவது 200 மடங்கு.
2. முழுக்க டை ஆகி நின்னா: சுமார் 738 பிபிபி. லிமிட் 70. பத்து மடங்குக்கு கொஞ்சம் மேல.
3. முழுக்க வினைல் குளோரைடு ஆகி நின்னா: சுமார் 476 பிபிபி. லிமிட் வெறும் 2. அதாவது 238 மடங்கு.
4. முழுக்க எத்திலீன் ஆனா: சுமார் 213 பிபிபி. கவலை இல்ல.

மூணாவது வரிய நல்லா பாருங்க. "மாசு பாதிக்கு மேல குறைஞ்சது"ன்னு செய்தி போடலாம், அதுல ஒரு எண்ணு கூட பொய் இல்ல, ஆனா தண்ணி முன்ன விட ஆபத்தா இருக்கு. "ட்ரை 100 சதவீதம் நீங்கியது"ன்னு கூட போடலாம். அதனாலதான் இந்தத் துறையில விஷயம் தெரிஞ்சவங்க பிபிபியில பேசமாட்டாங்க, மோல் கணக்குல பேசுவாங்க, அதாவது மூலக்கூறு எண்ணிக்கை. அஞ்சு படியையும் மோல்ல கூட்டினா ஆரம்பத்துல இருந்தது முழுக்க எங்க போச்சுன்னு தெரியணும், எத்திலீன் அளவே இல்லாத ரிப்போர்ட்ட வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

வினைல் குளோரைடு அறை வெப்பத்துல வாயு. தண்ணியில இருந்து மண் வழியா மேல வந்து வீட்டு அடித்தளத்துக்குள்ள நுழையும், அந்தத் தண்ணிய குடிக்காதவங்களுக்கும் ஆபத்து.

டோவர்ல நின்னுச்சு, அப்புறம் நகந்துச்சு

டெலவேர் மாநிலத்துல டோவர் விமானப்படைத் தளம். 1990-களோட பிற்பாதியில அங்க ட்ரை கலந்த நிலத்தடி நீர்ல ஒரு சோதனை பண்ணாங்க. பேக்டீரியாவுக்கு உணவா லாக்டேட், கூட சத்துப் பொருள், தண்ணிய ஒரு பக்கம் உறிஞ்சி இன்னொரு பக்கம் விட்டு சுத்த விட்டாங்க. ட்ரை எல்லாம் டை ஆச்சு. அதோட நின்னுச்சு. மாசக்கணக்கா அப்படியே கிடந்துச்சு, வினைல் குளோரைடும் இல்ல, எத்திலீனும் இல்ல. உணவு இருந்தும் அடுத்த படிய முடிக்கிற ஆள் அந்த மண்ணுல இல்ல.

269-வது நாள், ஃப்ளோரிடாவுல பினெல்லாஸ்ங்கிற இடத்து மண்ணுல இருந்து வளத்த பேக்டீரியாக் கலவைய உள்ள விட்டாங்க. அங்க இயற்கையாவே எத்திலீன் வரைக்கும் போகுதுன்னு ஏற்கனவே தெரியும். உடனே ஒண்ணும் நடக்கல. சுமார் 90 நாள் கழிச்சு வினைல் குளோரைடும் எத்திலீனும் தலைகாட்ட ஆரம்பிச்சுது, 509-வது நாள் வாக்குல டை முழுக்க எத்திலீனா மாறிடுச்சு.

டெக்சாஸ் சான் அன்டோனியோவுல கெல்லி விமானப்படைத் தளத்துலயும் இதே கதை, இன்னும் வேகமா. பெர்க் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் போல இருந்த இடம். பேக்டீரியாவுக்கு உணவா மெத்தனால், அசிட்டேட் மட்டும் குடுத்த பகுதி டையில நின்னுச்சு. கனடாவுல வளத்த கேபி-1ங்கிற கலவை 13 லிட்டர் விட்ட பகுதியில 200 நாளைக்குள்ள பெர்க், ட்ரை, டை மூணுமே 5 பிபிபிக்கு கீழ வந்துடுச்சு, குறைஞ்ச அளவுக்கு சமமா எத்திலீன் கிடைச்சுது. 13 லிட்டர்ங்கிறது ஒரு தண்ணி கேன் கூட நிறையாது.

பால எவ்வளவு பதமா காய்ச்சி ஆற வச்சாலும் உறை ஊத்தாம தயிராகாது, இதுவும் அதேதான். பால பதமா வைக்கிறதுக்கு பயோஸ்டிமுலேஷன்னு பேரு, உணவும் சூழலும் குடுக்கிறது. உறை ஊத்துறதுக்கு பயோஆக்மென்டேஷன்னு பேரு, சரியான பேக்டீரியாவ வெளியில இருந்து விடறது. செய்தியில ரெண்டையும் ஒண்ணாப் போட்டு குழப்பறாங்க. மண்ணுல ஏற்கனவே ஆள் இருந்தா முதலாவது போதும், இல்லாத இடத்துல ரெண்டாவது இல்லாம நடக்காது.

மண்ணுக்குள்ள வேலை எப்படி நடக்குது

1. முதல்ல சுத்திலும் சோதனைக் கிணறு போட்டு ஆக்சிஜன், நைட்ரேட், சல்ஃபேட், பிஎச், அஞ்சு படி கெமிக்கல் எல்லாம் அளப்பாங்க. தண்ணியில டீஹாலோகாக்காய்டிஸ் இருக்கா, விசிஆர்ஏ மரபணு இருக்கான்னு பிசிஆர் டெஸ்ட் பண்ணுவாங்க, கொரோனாவுக்கு பண்ண அதே வகை டெஸ்ட். லிட்டருக்கு ஒரு கோடி பேக்டீரியாவுக்கு மேல இருந்தா நல்ல வேகத்துல நடக்கும்னு கணக்கு.

2. அப்புறம் உணவு. லாக்டேட், மொலாசஸ் (சர்க்கரை ஆலையில மிஞ்சற பாகு), இப்ப அதிகமா பால் மாதிரி கலக்கின சோயா எண்ணெய். இத டீஹாலோகாக்காய்டிஸ் நேரா சாப்பிடாது. வேற பேக்டீரியா இத புளிக்க வைக்கும், புளிக்கும்போது ஹைட்ரஜனும் அசிட்டேட்டும் வரும், ஹைட்ரஜன் அதுக்கு எலக்ட்ரான், அசிட்டேட் அதுக்கு உடம்பு வளக்க. எண்ணெய் ஏன்னா மெதுவா உடையும். ஹைட்ரஜன் நிறைய வந்தா மீத்தேன் உண்டாக்குற கூட்டம் முந்திக்கும், கம்மியா சொட்டு சொட்டா வந்தா டீஹாலோகாக்காய்டிஸ்தான் ஜெயிக்கும், ரொம்பக் குறைஞ்ச அளவு ஹைட்ரஜனைக் கூட அதால பிடிக்க முடியும்.

3. ஆக்சிஜன் தீர்ற வரைக்கும் காத்திருக்கணும். நைட்ரேட்டும் சல்ஃபேட்டும் அதிகமா இருந்தா வேற பேக்டீரியா அத சுவாசிச்சே உணவ காலி பண்ணிடும்.

4. அதுக்கப்புறம்தான் உறை. ஸ்டீல் கேன்ல காத்து படாம கொண்டுவந்து, நைட்ரஜன் இல்லாட்டி ஆர்கான் வாயு அழுத்தத்துல கிணத்துக்குள்ள தள்ளுவாங்க. இந்த இடத்துல அவசரப்பட்டா கலவை முழுக்க வீண்.

5. பிஎச்ச பாத்துக்கிட்டே இருக்கணும். புளிப்பும் கழண்டு வர்ற குளோரினும் தண்ணிய அமிலமாக்கும், 6-க்கு கீழ போனா வினைல் குளோரைடுலயோ டையிலயோ நின்னுடும். அப்ப சோடா உப்பு மாதிரி ஏதாவது சேக்கணும்.

வெளி பேக்டீரியா ஊருக்குள்ள பரவிடுமோங்கிற பயத்துக்கும் பதில் இதுக்குள்ளயே இருக்கு. இது மரபணு மாத்தின உயிர் இல்ல, மண்ணுல இருந்து எடுத்தது, நோய் உண்டாக்காது. குளோரின் சேர்ந்த பொருள் தீந்துட்டா சுவாசிக்க வழியில்லாம எண்ணிக்கை தானா விழுந்துடும்.

இதோட பின்விளைவு

ஆக்சிஜன மண்ணுல இருந்து வேணும்னே எடுக்கிறோம், அதுக்கு விலை உண்டு. மண்ணுல திடமா ஒட்டியிருந்த இரும்பும் மாங்கனீசும் கரைஞ்சு தண்ணி நிறம் மாறும், இரும்போட ஒட்டியிருந்த ஆர்சனிக் சில இடத்துல விடுபடும். சல்ஃபேட் இருந்தா அழுகின முட்டை வாடை வரும். மீத்தேன் உண்டாகும், மேல கட்டடம் இருந்தா அதையும் அளக்கணும். உணவு விடற கிணத்து வாயில பேக்டீரியா பிசினா படிஞ்சு அடைச்சுக்கும். இந்த மாத்தம் பெரும்பாலும் உணவு விட்ட பகுதியோட நிக்கும், ஆனா பக்கத்துல குடிதண்ணி போர் இருந்தா முதல்லயே திட்டத்துல சொல்லியாகணும், சொல்லாம ஆரம்பிக்கிறது அந்த மக்களுக்கு பண்ற துரோகம்.

கூட வேற கெமிக்கல் இருந்தாலும் சிக்கல். குளோரோஃபார்மோ, 1,1,1-ட்ரைகுளோரோ ஈத்தேனோ (நம்ம ட்ரை இல்ல, இது வேற சால்வென்ட்) கலந்திருந்தா டீஹாலோகாக்காய்டிஸ் மந்தமாயிடும், அத முதல்ல உடைக்க டீஹாலோபேக்டர்னு வேற பேக்டீரியா வேணும். ஆக்சிஜன் இருக்கிற மண்ணுல இந்த முறையே நடக்காது. அங்க மீத்தேன் தின்னுற பேக்டீரியாவ வளத்தா அதோட என்சைம் போற போக்குல ட்ரையையும் உடைக்கும், ஸ்டான்ஃபோர்ட் ஆளுங்க கலிஃபோர்னியா மாஃபெட் விமானத் தளத்துல இத காட்டினாங்க, ஆனா பெர்க்க அது தொடாது.

களிமண் பிரச்சனை இங்கயும் விடாது. மணல் அடுக்குல எத்திலீன் வந்து சேந்த பிறகும் களிமண்ணுக்குள்ள ஊறினது கசிஞ்சுட்டே இருக்கும், பேக்டீரியாவால அந்த நுண்ணிய இடுக்குக்குள்ள பெருசா போக முடியாது. வாசல்ல உக்காந்து வெளிய வர்றத வர வர உடைக்கலாம், அதுக்கு உணவு தீராம இருக்கணும். எண்ணெய் ஒரு தடவை விட்டா சில வருஷம் தாங்கும், தீந்ததும் மறுபடி விடணும். அதனால ஒரு இடத்துல வேலை முடிஞ்சுதுன்னு சொல்றதுக்கு முன்னாடி உணவ நிறுத்திட்டு வருஷக்கணக்கா அதே கிணறுகள்ல தண்ணி எடுத்துப் பாக்கறாங்க, ட்ரை ஏறுதா, டை ஏறுதா, வினைல் குளோரைடு ஏறுதான்னு.